முறிந்த வாலின் வரலாறு

பறத்தலின் வரலாற்றை எழுதியோர் அனைவரும் பறந்த நாட்களையே எழுதியுள்ளனர். இன்ன ஆண்டில், இன்ன குன்றிலிருந்து, இன்னார் இத்தனை அடி தூரம் பறந்தார் என்று நூல்கள் வரிசைப்படுத்துகின்றன. ஒரு பறப்பிற்கும் அடுத்த பறப்பிற்கும் இடையே கழிந்த நாட்களில் அம்மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று வினவினால் அந்நூல்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. விடையோ எளியது. அவர் ஒடிந்ததை ஒட்டிக்கொண்டிருந்தார்.

இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது மிகச் சிறியதொரு பொருள். வானொலி அலைகளின் துணைகொண்டு தரையில் நின்றவாறே இயக்கப்படும் மாதிரி கிளைடரின் உடற்கூடு முறிந்துவிட்டால் அதனைச் செப்பனிடுவது எங்ஙனம், அச்செப்பனிடும் முறை எவ்வழியாக நம் காலத்தை வந்தடைந்தது என்பதே அது. விளையாட்டுப் பொருளுக்கும் வரலாறா என்று நகைக்க எண்ணும் வாசகர் சற்றே பொறுத்தருள்க. அந்தச் சிறிய ஒட்டுக்குள் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட முயற்சியும், விலைமதிக்க முடியாத உயிர்ச்சேதமும் அடங்கியிருக்கின்றன.

கிளைடருக்கு இயந்திரம் கிடையாது. குன்றின் சரிவில் மோதி மேலெழும் காற்றையோ, வெயிலில் காய்ந்த நிலத்திலிருந்து கிளம்பும் வெப்பக்காற்றையோ பற்றிக்கொண்டு அது மிதக்கிறது. மாதிரி கிளைடர்களில் இறக்கைகளின் முழு நீளம் இரண்டு முதல் நான்கு மீட்டர் வரை இருப்பது இயல்பு. எடை ஒன்றிலிருந்து நான்கு கிலோவுக்குள் அடங்கும். இறக்கைகளையும் வாலையும் இணைப்பதே உடற்கூடு. அதன் மூக்குப்பகுதியில் வானொலி அலைவாங்கியும், மின்கலமும், சுக்கானை அசைக்கும் சிறு மின்பொறிகளும் அமர்ந்திருக்கும். இறக்கைக்குப் பின்னால் உடல் மெலிந்து ஒரு தண்டாகி வாலைத் தாங்கும்.

முறிவு நேர்வது பெரும்பாலும் அம்மெலிந்த இடத்தில்தான். தரையிறங்கும்போது ஓர் இறக்கையின் நுனி முதலில் புல்லிலோ மண்மேட்டிலோ பட்டுவிட்டால், கிளைடர் முழுதும் அந்நுனியை அச்சாகக் கொண்டு சட்டெனச் சுழலும். பிறகு மூக்கு நிலத்தில் தட்டி நின்றுவிடும். வாலோ தன் வேகத்தை விடாது. நின்றுவிட்ட முன்னுடலுக்கும் நிற்க மறுக்கும் வாலுக்கும் நடுவே அகப்பட்ட தண்டு, பருமன் குறையத் தொடங்கும் இடத்தில் ஒடிந்துபோகிறது. மோதியது ஓரிடம், முறிந்தது வேறிடம். இதனை அறியாதவர்கள் தண்டு வலுவற்றது என்று குறைகூறி அதன்மேல் கட்டுக்கட்டாகப் பசையும் துணியும் சுற்றுவர். அதன் பலன் என்னவென்பதைப் பின்னர்க் காண்போம். முறியக்கூடிய அந்த நீண்ட தண்டு எதற்காக வந்தது என்பதே முதல் வினா.

ஹிஜ்ரி 274-ல், அதாவது கி.பி. 887-ல், மறைந்த அந்தலூஸின் அறிஞர் அப்பாஸ் இப்னு பிர்னாஸின் பெயரை நம் வாசகர்கள் அறிவர். குர்துபாவில் அவர் உடலில் இறகுகளைப் பொருத்திக்கொண்டு உயரத்திலிருந்து பாய்ந்து சற்றுத் தூரம் பறந்தார் என்றும், இறங்கும்போது முதுகில் அடிபட்டார் என்றும் அல்மக்கரீ தமது பெருநூலில் குறிக்கிறார். அல்மக்கரீ 1632-ல் மறைந்தவர். நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஏழு நூற்றாண்டுக்கு மேற்பட்ட தூரம் உண்டு. ஆயினும் இப்னு பிர்னாஸின் காலத்துக் கவிஞரான முஃமின் இப்னு ஸயீத் அப்பறப்பைச் சுட்டிப் பாடிய அடியொன்றை அவர் எடுத்தாள்வதால், செய்தியை வெறும் கதையென்று ஒதுக்கிவிட இயலாது. அடிபட்டதற்கான காரணத்தையும் அந்நூல் கூறுகிறது. பறவை இறங்கும்போது வாலைக்கொண்டே இறங்குகிறது. இப்னு பிர்னாஸோ தமக்கு வால் அமைத்துக்கொள்ளவில்லை.

இங்கிலாந்தின் மாம்ஸ்பரி மடத்துத் துறவி எயில்மர், பதினோராம் நூற்றாண்டில் கோபுரமொன்றிலிருந்து இறக்கை கட்டிப் பாய்ந்து இரு கால்களையும் முறித்துக்கொண்டார். அம்மடத்தைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் வில்லியம், பின்னாளில் இதனை எழுதும்போது, வால் வைக்க மறந்ததே தம் வீழ்ச்சிக்குக் காரணம் என்று எயில்மரே கூறிவந்ததாகக் குறிக்கிறார். ஒருவரையொருவர் அறியாத இரு நாடுகளின் இரு நூல்கள் ஒரே குறையைச் சொல்வது வியப்பிற்குரியது. நம்மவர் இப்னு பிர்னாஸைப் பற்றிப் பேசுகையில் பறந்த பெருமையை மட்டும் சொல்லி அமைந்துவிடுகின்றனர். எம் கருத்தில் அச்செய்தியின் பின்பாதியே கூடுதல் மதிப்புடையது. விழுந்ததற்குக் காரணம் தேடியிருக்கிறார்கள். தேடியதை எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

அக்குறையைத் தீர்த்த கருவி 1804-ல் வந்தது. யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஜார்ஜ் கேலி என்பார் ஏறக்குறைய ஐந்தடி நீளமுள்ள கோல் ஒன்றை எடுத்தார். அதன் முன்புறத்தில் சாதாரணக் காகிதப் பட்டமொன்றைச் சற்றே நிமிர்த்திக் கட்டினார். பின்முனையில் சிலுவை வடிவில் திருப்பியமைக்கக்கூடிய வாலை வைத்தார். எடையைச் சரிசெய்ய மூக்கில் நகர்த்தக்கூடிய பளு ஒன்றைச் சேர்த்தார். குன்றின் உச்சியிலிருந்து விட்டால் அது நேராகச் சறுக்கி இறங்கியது. இன்றைய மாதிரி கிளைடர்கள் அனைத்திற்கும் மூதாதை இதுவே. முன்னால் பளு, நடுவில் இறக்கை, பின்னால் நெடுந்தொலைவில் வால் என்னும் அமைப்பு அன்று முதல் மாறவில்லை. சுக்கான் என்ற சொல்லையே நாம் அரபு மாலுமிகளிடமிருந்து பெற்றோம். மரக்கலத்தின் பின்முனையிலிருந்த அதே தத்துவம் இங்கே காற்றில் ஏறியது. சுக்கான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குச் சிறியதாக இருந்தால் போதும். எனவே கோல் நீண்டது. கோல் நீண்டதால் ஒடிவதற்கும் இடம் பிறந்தது.

ஜெர்மானியரான ஓட்டோ லிலியென்தால் 1891 முதல் ஐந்தாண்டுக் காலம் வில்லோ மரக்கம்புகளாலும் பருத்தித் துணியாலும் செய்த இறக்கைகளில் தொங்கியபடி பறந்ததும், 1896 ஆகஸ்டில் விழுந்து இறந்ததும் பலரும் அறிந்தவை. அவரைப் பற்றி இங்கு விரிக்கவில்லை. ஒரு சிறு செய்தியை மட்டும் குறிப்போம். முன்னர் ஒருமுறை அவர் விழுந்தபோது, அதிர்ச்சியைத் தாங்கவென்று முன்புறம் வளைத்துக் கட்டியிருந்த மரவளையம் நொறுங்கி அவர் உயிரைக் காத்தது. ஒடியவேண்டியது ஒடிந்தது, அவர் பிழைத்தார். இறுதி நாளில் அவ்வளையம் கருவியில் இல்லை.

நம் பொருளுக்கு நேர்ச் சான்றாக விளங்குபவர் லிலியென்தாலின் மாணவர் எனத்தகும் ஆங்கிலேயர் பெர்சி பில்ச்சர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கப்பல் கட்டும் கலை சார்ந்த துறையில் பணிபுரிந்தவர் அவர். 1895-ல் பெர்லின் சென்று லிலியென்தாலைக் கண்டு பயின்றவர்; அடுத்தடுத்து நான்கு கிளைடர்களைச் சமைத்தவர். இறக்கைத் துணிகளைத் தைத்துக் கொடுத்தவர் அவர் சகோதரி எல்லா. நான்காவதான 'பருந்து' என்னும் கிளைடரில் 1897-ல் சுமார் 250 கஜ தூரம் பறந்து காட்டினார். இதில் மூங்கில் கம்புகளும் கம்பி இழுவைகளும் வாலைத் தாங்கின.

1899 செப்டம்பர் 30 அன்று லெஸ்டர்ஷயரில் ஸ்டான்ஃபோர்ட் ஹால் என்னும் மாளிகையின் திடலில் விருந்தினர் கூடினர். பில்ச்சர் தாம் புதிதாகச் செய்திருந்த இயந்திர விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டுவதாக இருந்தார். இயந்திரத்தின் சுழல்தண்டு அதற்குமுன் உடைந்துவிட்டது. வானமும் இருண்டு மழை பெய்துகொண்டிருந்தது. வந்தவர்களை வெறுங்கையாக அனுப்ப மனமின்றி அவர் பழைய 'பருந்தை' எடுத்தார். நனைந்த துணியும் ஈரமேறிய மரமுமாக அது முன்னிலும் கனத்திருந்தது. குதிரைகள் கயிற்றை இழுக்க மேலெழுந்தது. சுமார் முப்பதடி உயரத்தில் வாலிலிருந்த மூங்கில் முறிந்தது. பில்ச்சர் தலைகீழாக விழுந்தார்; இரண்டு நாட்கள் கழித்து உயிர் நீத்தார். அவர் சமைத்து வைத்திருந்த இயந்திர விமானம் ஒருபோதும் பறக்கவில்லை.

ஒரு மூங்கில் கம்பு! பெரிய பிழை எதுவும் அங்கே நிகழவில்லை. இறக்கையின் வடிவம் தவறாகிவிடவில்லை. பறப்பவரின் கை தடுமாறவில்லை. வாலைத் தாங்கிய தண்டு தன் சுமையைத் தாங்கவில்லை, அவ்வளவே. பின்னர் அந்தப் 'பருந்து' செப்பனிடப்பட்டு இன்று ஸ்காட்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தின் உடைமையாக இருக்கிறது. ஒட்டுப்போட்ட உடல் நூற்றாண்டைக் கடந்தும் நிற்கிறது.

ரைட் சகோதரர்கள் வேறுவிதமானவர்கள். சைக்கிள் பழுதுபார்க்கும் கடை நடத்தியவர்களுக்கு உடைந்ததைக் கண்டு அஞ்சும் பழக்கம் இல்லை. 1902 செப்டம்பரில் கிட்டி ஹாக் மணற்குன்றுகளில் இளையவர் ஆர்வில் ஓட்டிய கிளைடர் பின்னோக்கிச் சரிந்து நிலத்தில் மோதிக் குச்சியும் துணியுமாகச் சிதறியது. அவருக்கோ ஒரு சிராய்ப்பும் இல்லை. சில நாட்களில் ஒட்டித் தைத்து மீண்டும் குன்றேறினர். அதன்பின் அக்டோபர்த் தொடக்கத்தில்தான், அசையாமல் நின்ற இரட்டை வாலைக் கழற்றிவிட்டு அசையும் ஒற்றைச் சுக்கானை வைத்தனர். அம்மாற்றமே அடுத்த ஆண்டின் வெற்றிக்கு அடித்தளமாயிற்று. அக்கருவியின் இறக்கைகளைப் போர்த்திய துணி மஸ்லின். அதன் பெயர் மோசுல் நகரிலிருந்து பிறந்தது என்பர்.

இனி மாதிரி கிளைடருக்கு வருவோம். கேலியின் கோலில் மனிதன் ஏறவில்லை. பளு மட்டுமே ஏறியது. அதில் ஆணையை ஏற்றியவர்கள் வானொலிக் கலைஞர்கள். 1937-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்ட் நகரில் ராஸ் ஹல், கிளின்டன் டிசோட்டோ என்னும் இருவர் வானொலியால் இயங்கும் கிளைடர்களைப் பறக்கவிட்டனர். இருவரும் வானொலி ஆர்வலர் கழகத்தின் இதழோடு தொடர்புடையவர்கள். ஹல் ஆஸ்திரேலியர்; மறு ஆண்டே தம் ஆய்வுக்கூடத்தில் உயர் மின்னழுத்தம் தாக்கி மாண்டார். அக்காலத்து வானொலிக் கருவி வால்வுகளும் கனத்த மின்கலங்களுமாக இருந்தது. அப்பளுவை ஏற்க ஆளுயரத்தை மீறிய இறக்கை வேண்டியிருந்தது. அவ்விறக்கையைத் தாங்கப் பருத்த உடல் வேண்டியிருந்தது. வானொலி வந்த பிறகு கிளைடரின் உடல் முறிந்தால் மரத்தை மட்டும் ஒட்டுவது போதாதென்றாயிற்று. உடலின் உள்ளே வால்வரை செல்லும் இயக்கக் கம்பிகளும் அவற்றின் குழாய்களும் ஒட்டில் சிக்கிக்கொள்ளாமல் காக்கவேண்டும். பசை வழிந்து குழாயை அடைத்துவிட்டால், வெளியே அழகாக ஒட்டிய கிளைடர் உள்ளே ஊமையாகிவிடும்.

பசையின் கதை தனிக்கதை. தச்சர்கள் நெடுங்காலம் கையாண்ட வஜ்ரப் பசை ஈரம் பட்டால் இளகும். பாலிலிருந்து எடுத்த கேசீனைச் சுண்ணாம்போடு குழைத்த பசை அதனினும் மேலானது. முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து மரவிமானங்கள் பலவற்றை அதுவே தாங்கிற்று. ஆயினும் வெப்பமும் நெடுநாள் ஈரமும் சேர்ந்தால் அதில் பூஞ்சை பற்றும். இதில் நம் நாட்டிற்கும் ஒரு தொடர்பு உண்டு.

இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயர் கட்டிய 'மஸ்கிட்டோ' விமானத்தின் உடற்கூடு உலோகத்தால் ஆனதன்று. பிர்ச் மரத்தின் மெல்லிய ஒட்டுப்பலகைகள் இரண்டின் நடுவே எக்குவடோர் நாட்டின் பால்சா மரத்தை அடைத்து, இடப்பாதி வலப்பாதி என இரு தனித்தனி அச்சுகளில் வளைத்து, உட்கருவிகளில் பெரும்பகுதியைப் பொருத்திய பின்னரே இரு பாதிகளையும் நடுக்கோட்டில் ஒட்டினர். நெற்றுக்காயைப் பிளந்து மூடியதுபோல் இருந்தது அவ்வேலை. இன்றைய மாதிரி கிளைடர்களின் உடற்கூடுகள் பலவும் அதே வகையில் இரு பாதிகளாக வார்த்தே ஒட்டப்படுகின்றன. 1944-ன் பிற்பகுதியில் இந்தியாவிலும் கிழக்கேயும் பணியாற்றிய மஸ்கிட்டோக்கள் சில, வானிலேயே கட்டுக்குலைந்து விழுந்தன. மழைக்காலத்து ஈரத்தில் பசை விட்டுப்போயிற்று என்றே முதலில் பேசப்பட்டது. மேஜர் ஹியர்வர்ட் டி ஹாவிலண்ட் தலைமையில் ஒரு குழு இந்தியா வந்து ஆராய்ந்து, குற்றம் பசையுடையதன்று, பருவமழையால் மரம் சுருங்கியதே காரணம் என்றது. அதன்பின் நடந்த ஆய்வுகளோ வேறு முடிவை அடைந்தன. மழையே காணாத விமானங்களிலும் அதே குறை இருந்தது. இறக்கையின் உத்திரத்திற்கும் மேற்பலகைக்கும் இடையே சரியாகப் படியாத இடைவெளிகளைத் தொழிற்சாலையிலேயே விட்டிருந்தனர். நம் நாட்டு மழையின்மேல் போட்ட பழி இவ்வாறு நீங்கியது. படியாத இரு பரப்புகளுக்கு நடுவே எத்துணைச் சிறந்த பசையை ஊற்றினாலும் அது இணைப்பாகாது என்னும் பாடத்தை, மாதிரி கிளைடரை ஒட்டுபவன் ஒவ்வொருவனும் தன் மேசையில் மீண்டும் படிக்கிறான்.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நார்மன் டி புரூயின் 1934-ல் டக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய ஆய்வு நிறுவனம் செயற்கைப் பசைகளுக்கு வழிகோலியது. 1946-ல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் எபாக்சிப் பசையைச் சந்தைக்குக் கொணர்ந்தது. நம் ஊர் இரும்புக்கடைகளில் இரட்டைக் குழாய்களாகக் கிடைக்கும் அரால்டைட் அதுவே. 1957 நவம்பரில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் மாணவர்கள் கட்டிய 'ஃபீனிக்ஸ்' என்னும் கிளைடர் பறந்தது. கண்ணாடி இழைத்துணியில் பிசினை ஊறவைத்து, நடுவே பால்சாவை வைத்துச் செய்த உடல் அதற்கு. மனிதர் ஏறும் கிளைடர்களில் இவ்வகைக்கு அதுவே முதல். சாம்பலிலிருந்து மீண்டெழும் பறவையின் பெயரை அதற்கு வைத்தது பொருத்தமே. அதன் வழியில் மாதிரி கிளைடர்களும் மரத்திலிருந்து கண்ணாடி இழைக்கு மாறின. இன்று கரியிழையும் வந்துவிட்டது.

கண்ணாடி இழை உடல் முறிந்தால் மரம்போல் இரு துண்டாவதில்லை. இழைகள் பிரிந்து, துணி கிழிந்ததுபோல் தொங்கும். கண்ணுக்குத் தெரியும் பிளவைச் சுற்றிலும் ஒரு வெண்மை படர்ந்திருக்கும். அங்கே பிசின் இழையை விட்டுப் பிரிந்திருக்கிறது என்பது பொருள். நாணயத்தால் மெல்லத் தட்டினால் நல்ல இடம் கணீரென்னும். கெட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். செப்பனிடுபவர் செய்யவேண்டிய முதற்காரியம் பசையைத் தேடுவதன்று. இந்த எல்லையைக் கரிக்கோலால் வரைந்துகொள்வதே. சிதறிய சிம்புகள் ஒன்றையும் எறியலாகாது. முறிவு ஓர் ஏடு போன்றது. கிழிந்த ஏட்டின் துணுக்குகளைப் பொருத்தும் பொறுமையோடு அவற்றைப் பொருத்தினால், வால் எந்தப் பக்கம் எந்தக் கோணத்தில் இருந்தது என்பதை அவையே சொல்லும்.

அடுத்தது நேர்மை பார்த்தல். இரு துண்டுகளையும் சில சொட்டுப் பசையால் தற்காலிகமாக நிறுத்தி, இறக்கையையும் வாலையும் பொருத்தி, இரு இறக்கை நுனிகளிலிருந்தும் வாலின் நடுப்புள்ளிக்கு நூல் பிடித்து அளக்கவேண்டும். இரு நீளமும் ஒத்திருத்தல் வேண்டும். பிறகு பின்னால் சென்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், வாலின் கிடைத்தகடு இறக்கைக்கு இணையாகத் தெரியவேண்டும். இங்கே ஒரு பாகை பிசகினால் அக்கிளைடர் வாழ்நாள் முழுதும் ஒருபக்கமாகவே இழுத்துக்கொண்டிருக்கும். பலர் இப்படியை அவசரத்தில் தாண்டிவிடுகின்றனர். ஐந்து நிமிடத்தில் இறுகும் பசைகள் வந்தபின் இத்தவறு பெருகியதென்றே சொல்லலாம். அவ்வகைப் பசை வெயிலில் மென்மையாகும் இயல்புடையது. மூடிய காருக்குள் கோடை நண்பகலில் கிடந்த ஒட்டு சற்றே வளைந்து, குளிர்ந்ததும் அந்த வளைவிலேயே நிலைத்துவிடுவதுண்டு. மெல்ல இறுகும் எபாக்சியும் ஓர் இரவுப் பொறுமையும் இருந்தால் இத்தொல்லை இல்லை. பெரிய கிளைடர்களுக்கு வெள்ளை வண்ணம் பூசுவதும் இந்த வெப்பத்திற்கு அஞ்சியே.

இனி ஒட்டின் உள்ளுறையைக் காண்போம். மரவிமானம் பழுதுபார்ப்போர் வகுத்த விதி பழமையானது. முறிந்த இரு முனைகளையும் நேர்முட்டாக ஒட்டாதே. இரண்டையும் நீண்ட சாய்வாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படியவை. சாய்வின் நீளம் மரத்தின் தடிப்பைப்போல் பன்னிரண்டு மடங்கு இருக்கட்டும், பத்துக்குக் குறையாதிருக்கட்டும். கண்ணாடி இழைக்கு இன்னும் நீண்ட சாய்வு வேண்டும். இருபது மடங்கேனும் இருத்தல் நன்று. அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள சுவருக்கு முறிவின் இருபுறமும் பத்து மில்லிமீட்டர் தூரம் உப்புத்தாளால் தேய்த்துப் படிப்படியாக மெலிவிக்கவேண்டும். வெளிப்பூச்சை முற்றிலும் நீக்கிவிடவேண்டும். பூச்சின்மேல் ஒட்டியது பூச்சோடு வந்துவிடும். அதன்பின் மெல்லிய இழைத்துணியை அளவு மாற்றி மாற்றி வெட்டி, ஒரு படலத்தின் விளிம்பு இன்னொன்றின் விளிம்போடு ஓரிடத்தில் விழாதபடி இரண்டு மூன்று படலங்கள் இடவேண்டும். வளைவைத் தாங்க இழை நீளவாட்டில் ஓடவேண்டும். முறுக்கைத் தாங்கக் குறுக்கே சாய்ந்து ஓடவேண்டும். துணியின் எடை எவ்வளவோ அவ்வளவே பிசின் போதும். மிகுந்த பிசின் வலுவைத் தராது, கனத்தையே தரும்.

உள்ளே குழல் ஒன்றைச் செருகி ஒட்டுவாரும் உளர். நல்ல வழிதான். ஆனால் குழலின் முனை சட்டென முடிந்தால், அடுத்த மோதலில் உடல் அம்முனையோரத்திலேயே வட்டமாக வெட்டியதுபோல் ஒடியும். வளையும் பகுதிக்கும் வளையாத பகுதிக்கும் இடையே ஒரே கோட்டில் எல்லை போட்டதன் விளைவு அது. குழலின் முனைகளைத் தாழை மடலின் ஓரம்போல் பற்கள் பற்களாக வெட்டிவிட்டால் அந்த எல்லை கரைந்துபோகும். முன்னர்ச் சொன்னோமே, கட்டுக்கட்டாகச் சுற்றுபவர்கள் என்று. அவர்கள் செய்வது இதே பிழையைத்தான். முறிந்த இடம் மீண்டும் முறியாது. அதற்கு இரண்டு விரற்கடை அப்பால் முறியும்.

அப்பிழையின் இரண்டாம் தண்டனை எடை. கேலி மூக்கில் வைத்த நகரும் பளுவை நினைவில் கொள்க. கிளைடரின் எடைமையத்திலிருந்து ஒட்டு இருக்கும் இடம் 60 சென்டிமீட்டர் பின்னால், மூக்குப்பளு வைக்கும் இடம் 20 சென்டிமீட்டர் முன்னால் என்று கொள்வோம். ஒட்டில் 10 கிராம் கூடினால், சமன்செய்ய மூக்கில் 30 கிராம் ஈயம் வேண்டும். ஆக மொத்தம் 40 கிராம் சுமை ஏறிற்று. கனத்த கிளைடர் வேகமாக இறங்கும். வேகமாக இறங்குவது கடினமாக மோதும். வலுவென்று எண்ணிச் சேர்த்தது அடுத்த முறிவுக்கு அச்சாரமாகிறது.

எல்லா முறிவையும் ஒட்டத்தான் வேண்டுமா? இக்கேள்விக்குக் கைத்திறன் மிக்கவர்கள் நேர்விடை தருவதில்லை. ஒட்ட முடியும் என்பதே அவர்களுக்கு ஒட்டுவதற்குப் போதிய காரணம். மூன்று கிலோ எடை மணிக்கு எழுபது எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருவது விளையாட்டுப் பொருளன்று. குன்றின் சரிவில் குழந்தைகளும் பார்வையாளரும் நிற்பர். வெண்மை உடலின் பாதிவரை ஓடியிருந்தாலோ, இறக்கையைத் தாங்கும் இடமே பிளந்திருந்தாலோ, ஒட்டியபின் தண்டை இரு கைகளால் மெல்ல முறுக்கும்போது உள்ளே நெறிபடும் ஓசை கேட்டாலோ, அதனை மீண்டும் வானில் ஏற்றுதல் தகாது. ஸ்டான்ஃபோர்ட் ஹாலில் கூடியிருந்த விருந்தினருக்காகப் பில்ச்சர் பறந்ததை மேலே கண்டோம். பார்க்க வந்தவர்கள் ஏமாறக்கூடாதென்னும் எண்ணம் இன்றும் மைதானங்களில் எழுவதுண்டு. முறிந்த உடலிலிருந்து மின்பொறிகளையும் இறக்கையையும் கழற்றி வைத்துக்கொண்டு புதிய உடல் செய்வோர் தோற்றவரல்லர்.

ரைட் சகோதரர்களின் முதல் பெரிய கிளைடர் இதற்குச் சான்று. 1900 அக்டோபரில், தரையில் நின்றிருந்த அக்கருவியைக் காற்று புரட்டி எறிந்து ஒருபக்கத்தை நொறுக்கியது. அதனைச் சீராக்க மூன்று நாட்கள் ஆயின. மீண்டும் பறக்கவிட்டு, வேண்டிய அளவுகளை எடுத்துக்கொண்டனர். பருவம் முடிந்ததும் அதனை ஊருக்கு எடுத்துச் செல்லவில்லை. மணற்குழியொன்றில் விட்டுவிட்டுப் புறப்பட்டனர். அவ்வூரில் அவர்களுக்கு உதவியாயிருந்த வில்லியம் டேட் என்பாரின் மனைவி ஆடி டேட் அங்கே சென்றார். போதிய நீளத்தில் மரம் கிடைக்காமல் இறக்கையைக் குறுக்க நேர்ந்தபோது, அதன் துணியை மாற்றித் தைக்க வில்பர் இரவல் வாங்கியது இவ்வம்மையாரின் தையல் இயந்திரத்தைத்தான். இறக்கையிலிருந்த அந்த உயர்ந்த வெண்துணியை அவர் பிரித்தெடுத்து வந்து, தம் இரு பெண்மக்களுக்கும் சட்டை தைத்தார்.